கடைசியில் செருமும் துப்பாக்கி

அண்ணாச்சி, உக்காருங்க, உக்காருங்க. நாங்குநேரி இன்னும் வரல. "நாங்குநேரி எறங்கு, வெரசா எறங்கு"ன்னு கத்துனது கண்டக்டர் இல்ல, நான்தான். அந்தா பாருங்க, அவரே 'நம்ம எப்பக் கத்துனோம்'னு வாயைத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்காரு. பையை மேலயே வச்சிருங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு இது ஒரு வியாதி. யாரு குரலையும் ஒருக்கா கேட்டாப் போதும், தொண்டையில வந்து சம்மணம் போட்டு உக்காந்துரும். ஸ்கூல் மைக்குல ஹெச்.எம். குரல்ல ரெண்டு தடவை லீவு விட்டிருக்கேன். ஒரு தடவை பாதி ஸ்கூல் வீட்டுக்குப் போயிட்டு. ஹெச்.எம்.மும் போயிட்டாரு.

பேரு ஆசீர். பாளையங்கோட்டை. பிளஸ் ஒன். நாகர்கோவில்ல மண்டல விளையாட்டுப் போட்டி, அதுக்குத்தான் போறோம். ஓடுறதுக்கா? என்னைப் பாத்தா ஓடுற ஆள் மாதிரியா தெரியுது? ஒரு மனுசனோட விரலைக் காப்பாத்தப் போறேன்.

டிரைவருக்குப் பின்னால, வெள்ளை டீ-சர்ட், கழுத்துல விசில், மடியில தோல் பை வச்சிருக்காருல்ல, அவரு எங்க பி.டி. மாஸ்டர் வேதமாணிக்கம் சார். அந்தப் பைக்குள்ள ஒரு துப்பாக்கி இருக்கு.

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி! குழாய் அடைச்ச துப்பாக்கி. குண்டு வராது, சத்தம் மட்டும்தான், ஓட்டப்பந்தயம் தொடங்குறதுக்கு. சத்தம் மட்டும்தான்னாலும் அதுல ஒரு ஆபத்து இருக்கு. அந்த ஆபத்து என்னாலதான் வந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

மழை பெய்தா எங்களுக்கு பி.டி. பீரியடு கிளாசுக்குள்ளதான். சார் அந்தத் துப்பாக்கியை மேசை மேல வச்சு, கீழ ஒரு துண்டை விரிச்சு, பிரசங்கம் பண்ணுவாரு. அப்படியே சொல்லுதேன் கேளுங்க: "லே பிள்ளேளா, இது முப்பத்திரண்டு கேலிபர் ரிவால்வர். எங்க தாத்தாவுக்கு ஒரு துரை குடுத்தது. ம்க்கும். இதை மேலப்பாளையம் மீரான் பாய்கிட்ட குடுத்து, வாயை அடைச்சு, ஆறு ஓட்டைக்குள்ளயும் குட்டிக் குட்டிக் குழாய் எறக்கி, இருபத்திரண்டாக் கொறைச்சேன். கொறைச்ச பெறவுதான் இது எனக்கே எனக்குன்னு ஆன துப்பாக்கி. பிடியைப் பாரு, முத்துச்சிப்பி. வே.மா.ன்னு எழுத்தப் பாரு. ம்க்கும்."

எந்தத் துரைன்னு கேட்டா வருசத்துக்கு ஒரு துரை பேரு சொல்லுவாரு. அதை விடுங்க. முக்கியமானது இதுக்கு மேலதான்.

"பிரேம் பழசுலே. கறுப்பு மருந்து காலத்து இரும்பு. அந்த மருந்து மெதுவாத் தள்ளும், இரும்பு தாங்கிக்கிடும். இப்ப உள்ள மருந்து அப்படியில்ல, ஒரே எடுப்புல நெருக்கும். ஓட்டைக்குள்ள போகுதேன்னு எதையும் போடக் கூடாது. நுழையறது வேற, தாங்குறது வேற. அதனாலதான் பாய் சொன்ன சாம்பக் கலர்த் தோட்டா மட்டும். இருக்கதுலயே மருந்து கம்மியானது அதுதான். பின்னாலேர்ந்து ஊசி வந்து தட்டும், தட்டுனாத்தான் வெடிக்கும். ஊசி இல்லேன்னா இது வெறும் பேப்பர் வெயிட்டு."

இதைச் சொல்லும்போது மட்டும் சார் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். சின்னப் பிள்ளையை நெனைச்ச மாதிரி.

அந்தத் துப்பாக்கிச் சத்தம் இருக்கே அண்ணாச்சி, ஒலகத்துல வேற எந்தத் துப்பாக்கிக்கும் கெடையாது. மத்ததெல்லாம் 'டுமீல்'னு முடிஞ்சிரும். சார் துப்பாக்கி 'டுமீல்... ம்க்கும்'னு கடைசியில ஒரு செருமல் போடும். பழைய இரும்பு விரிஞ்சு சுருங்குறப்ப அப்படி வரும்னு சார் சொல்லியிருக்காரு. சாருக்குச் சளி பிடிச்சா அதுக்கும் சத்தம் கம்மிரும். ரொம்ப நாள் ஒண்ணாக் கெடந்தா அப்படித்தான். எங்க தெருவுல ஒரு நாய் அதோட வீட்டுக்காரர் மாதிரியே கொட்டாவி விடும்.

சுடுற அழகும் தனி. துப்பாக்கிக்கு வேர்த்துரும்னு ரெண்டு கை நெறைய முகப்பவுடரை அது வாயில அப்புவாரு. வலது கையால மேல தூக்கி ஒரு உலுக்கு. இடது கையில பச்சைக் கொடியைத் தன் வாய்க்கு நேரா விரிச்சுப் பிடிப்பாரு. அது சர்வதேச முறையாம். உலுக்குன உடனே டுமீல்... ம்க்கும். வெள்ளையா புகை வரும். அந்தப் புகையை வச்சுத்தான் ஓட்டம் முடியுற இடத்துல நிக்கிறவங்க கடிகாரத்தை அமுக்குவாங்க. நல்ல மல்லியப்பூ வாசம் அடிக்கும். இப்ப வர்ற மருந்துல எங்க அண்ணாச்சி அந்த வாசம்?

சரி, சண்டைக்கு வாரேன். போன மாசம் அசெம்பிளியில சார் குரல்ல நான் 'அட்டேன்சன்' சொன்னேன். ஆயிரத்தி இருநூறு பேரு வெறைச்சு நின்னாங்க. 'ஸ்டேண்டட்டீஸ்' சொல்ல மறந்துட்டேன். ஏழு நிமிசம். ஒரு பிள்ளை மயங்கி விழுந்துட்டு. அதுக்குப் போயி என்னைப் பத்து ரவுண்டு ஓட விட்டாரு. எனக்குக் கோவம் வருமா வராதா? வந்துச்சு. அதனாலதான் போன் போட்டேன்.

மத்தியானம், ஸ்டாப் ரூம்ல எல்லாரும் சோத்துப் போணியைத் தொறக்குற நேரம். சாருக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. நான் மாடிப்படிக்கு அடியில நின்னு மீரான் பாய் குரல்ல, "என்ன சாரு, சொகமா? சாம்பக் கலரு இனிமே வராது. நிப்பாட்டிட்டானுவ. சிவப்புப் போடுங்க, சிவப்பு."

அந்தப் பக்கம் சார் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. பெறவு ரகசியம் மாதிரி, "பாய், நீங்க அஞ்சு வருசத்துக்கு முன்னால வேற மாதிரில்ல சொன்னீக?"

என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியுமா? சமாளிச்சேன். "அது அப்ப சாரு. இப்ப நல்லா யோசிச்சுப் பாத்தேன். உங்க பிரேமு யானை. யானைக்குச் சிவப்புத்தான்."

இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா ஸ்டாப் ரூம்ல பிரின்ஸ் சார் இருந்தாரு. புதுசா வந்த பி.டி. சார். கையில ஒரு பெட்டி வச்சிருக்காரு, பொத்தானை அமுக்கினா 'டாண்'னு சத்தம் வரும், வெளக்கு மின்னும். அவருக்கு எப்படியாவது வேதமாணிக்கம் சாரை ஓரங்கட்டிட்டு அந்தப் பெட்டியைக் கொண்டாரணும். மண்டலத்துல ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற ஸ்டார்ட்டரா நிக்கது யாருன்னு ஸ்கூல் விளையாட்டு விழாவைப் பாத்துத்தான் எழுதிக் குடுப்பாங்க. ஒரு ரேஸ்ல துப்பாக்கி மக்கர் பண்ணினாப் போதும், பெட்டிதான். சாருக்கு ரிட்டயர் ஆக ஒரு வருசம் இருக்கு.

பிரின்ஸ் சார் உடனே, நாக்குல வெல்லத்த வச்ச மாதிரி, "பாயே சொல்லிட்டாருல்லா சார். சிவப்பை நானே வாங்கித் தாரேன். எல்லாருக்கும் முன்னால நல்லாச் சத்தமா வெடிங்க சார்" அப்படின்னாரு. வாங்க யாரைக் கூட்டிட்டுப் போனாரு? என்னை!

ஒரு ஹார்டுவேர் கடை. கான்கிரீட்டுல ஆணி அடிக்கிற மெசின் இருக்குல்ல, அதுக்குள்ள போடுற தோட்டாதான் சார் துப்பாக்கிக்கும். பிரின்ஸ் சார் போன் வந்து வெளிய போனாரு. கடைக்காரரு கேட்டாரு, "ஸ்கூல்ல கட்டடம் கட்டுதீயளா தம்பி?"

"இல்ல, பழைய ரிவால்வர்ல போட."

அவரு டப்பாவை வெடுக்குனு திரும்பப் புடுங்கிட்டாரு. "லே, கலர் எதுக்குப் போட்டிருக்கான்? சாம்பல், பழுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மருந்து ஏறிக்கிட்டே போகும். சிவப்பு கனத்த இரும்புல ஆணி ஏத்துறதுக்கு. இதெல்லாம் மெசினுக்கு உள்ளது, துப்பாக்கிக்கே கெடையாது. பழைய துப்பாக்கியில போட்டா துப்பாக்கி ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும்."

பிரின்ஸ் சார் உள்ள வந்து, "கட்டடத்துக்குத்தான், குடுங்க" அப்படின்னு வாங்கிட்டாரு.

அண்ணாச்சி, சார் எங்க கோயில்ல ஆர்கன் வாசிக்காரு. ஞாயித்துக்கிழமை பத்து விரலும் அதுல ஓடும் பாருங்க, அவரு திட்டுனதெல்லாம் மறந்துரும். கிறிஸ்துமசு வருது. எட்டு விரலை வச்சு என்ன வாசிக்க? எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல. ரெண்டு தோசையோட எந்திரிச்சுட்டேன்.

மறுநாளே போயி உண்மையச் சொன்னேன். "சார், போன்ல பேசுனது பாய் இல்ல. நான்தான் சார்."

சார் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. ஓரமா பிரின்ஸ் சார் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. "நீயா? பாய் குரல் உனக்கு வருமா? எங்க, பேசிக் காட்டு."

பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாரு. "ரொம்ப மோசம்லே. இது மேலப்பாளையமே இல்ல. கயத்தாறு பக்கம் மாதிரி இருக்கு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கயத்தாறாம்! இன்னும் மூணு தடவை பேசிக் காட்டினேன், மூணு விதமா. மூணாவது தடவை 'பரவால்ல'ன்னாரு. மணி அடிச்சிட்டு. வெளிய வந்த பெறவுதான் விரல் ஞாபகமே வருது.

சார் வீட்டுக்குப் போன் போட்டு அவரு வீட்டம்மா கிரேஸ் டீச்சர்கிட்ட என் சொந்தக் குரல்லயே சொன்னேன். "யார்லே இது, குரலை மாத்திப் பேசுதது?"ன்னு வச்சுட்டாங்க. என் சொந்தக் குரல் எப்படி இருக்கும்னு பாளையங்கோட்டையில யாருக்குமே தெரியல அண்ணாச்சி. அதுக்கு நான் என்ன செய்ய?

கடைசியா மேலப்பாளையத்துக்கே போனேன். மீரான் பாய் கடை. எல்லாத்தையும் சொன்னேன், அவரு குரல்ல பேசினது உள்பட. மனுசன் சிரிக்காரு, சிரிக்காரு, கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டுச் சிரிக்காரு. "அந்த முத்துச்சிப்பித் துப்பாக்கியா? அதுக்காவா இவ்வளவு தூரம் வந்தே வாப்பா? சாரு விரலுக்கு ஒண்ணும் வராது. சாரு தொண்டையைத்தான் பாத்துக்கிடணும்."

விரலைப் பத்திக் கேட்டா தொண்டையைப் பத்திச் சொல்லுதாரு. வயசாயிட்டுல்லா. பெறவு ஒரு தீப்பெட்டியை எடுத்து, "இது சாருவோடது. பிரேமுல விரிசல் பாத்த அன்னைக்கு நான்தான் கழத்துனேன். அஞ்சு வருசமாக் கெடக்கு, குடுத்துரு" அப்படின்னாரு. பஸ்ல வரும்போது தொறந்து பாத்தேன். ஒரு சின்ன இரும்பு ஊசி. பல்லு குத்துறதா இருக்கும். ஏதோ பிரேம்னாரே? மூக்குக்கண்ணாடிப் பிரேமோ என்னமோ. சார்கிட்ட குடுத்தேன். மனுசன் சுத்தி முத்தும் பாத்துட்டு டவுசர் பையில போட்டுக்கிட்டாரு. ஒரு பல்லு குத்துற ஊசிக்கு இவ்வளவு வெக்கமா?

ஆக, சொல்ல வேண்டிய எடத்துலயெல்லாம் சொல்லியாச்சு. யாரும் கேக்கல. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. சார் விசையை அமுக்குறதுக்கு முன்னாலயே சத்தம் வந்துட்டா? பிள்ளைங்க ஓடிரும். ஓடுனதுக்கப்புறம் சார் எதுக்கு அமுக்கப் போறாரு? சத்தம்தானே, அது என்கிட்ட இல்லாததா?

விழா அன்னைக்குச் சிவப்பு டப்பா மேசை மேல. பிரின்ஸ் சார் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. சார் எல்லாரும் பாக்க ஆறு தோட்டாவை எடுத்தாரு, திரும்பி நின்னு துப்பாக்கியை மடக்குனாரு, மூடுனாரு. ஆறு ரேஸுக்கு ஒருக்கா அப்படித்தான். நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால. பதினாலு ரேஸ்.

முதல் ரேஸ். பவுடர் அப்புனாரு, கொடியை விரிச்சாரு, கையைத் தூக்கினாரு. நான் அடிவயித்துலேர்ந்து குடுத்தேன் பாருங்க: "டுமீல்... ம்க்கும்!" ஓடிட்டாங்க! சார் கை அப்படியே நிக்கிது, அஞ்சு விரலும் பத்திரம். அதுலயும் ஒரு ஆச்சரியம் என்னன்னா, என் சத்தத்துக்கு எதிரொலி! நான் முடிக்கும்போதே கொடி இருந்த பக்கம் இன்னொரு 'டுமீல்... ம்க்கும்'. மைதானத்துல எதிரொலி வர்ற அளவுக்கு ஒருத்தன் வாயால கத்த முடியுமா அண்ணாச்சி? நான் கத்தினேன்.

சார் கையை எறக்கி, துப்பாக்கியைப் பாத்தாரு. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு. வானத்தைப் பாத்தாரு. பெருமை, வேற என்ன?

இப்படி அஞ்சு ரேஸுக்கும் எதிரொலி வந்துச்சு. ஆறாவதுலேர்ந்து நின்னுட்டு. காத்து திசை மாறிட்டுன்னு நெனைக்கேன். சாரும் அதுக்கப்புறம் கொடியைக் கீழ போட்டுட்டாரு. துப்பாக்கியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, கோயில்ல மெழுகுவத்தி பிடிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குனாரு. டுமீல்... ம்க்கும். கண்ணுல தண்ணி வேற. பவுடர் விழுந்திருக்கும். பிரின்ஸ் சாரு எந்திரிச்சுப் போயி அவரு பெட்டியை உறைக்குள்ள போட்டுட்டாரு.

பதிமூணு ஆச்சு. பதினாலாவது, நாலு நூறு ரிலே. கலெக்டர் ஆபீசுலேர்ந்து வந்தவங்கல்லாம் கையில கடிகாரத்தோட நிக்காங்க. பிள்ளைங்க குனிஞ்சு, இடுப்பைத் தூக்கிட்டாங்க. சார் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தூக்குனாரு. நான் வாயைத் தொறந்தேன். 'ஃபூ'ன்னு காத்து வருது. சத்தம் போச்சு! சுத்தமாப் போச்சு!

மைதானமே அமைதி. இடுப்பைத் தூக்குன பிள்ளைங்க கால் நடுங்குது. சார் ஒரு கண்ணைத் தொறந்து துப்பாக்கியைப் பாத்தாரு. உலுக்குனாரு. இன்னொருக்கா உலுக்குனாரு. இப்ப அமுக்கப் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் தொட்டிக்குப் பின்னாலேர்ந்து ஓடுதேன், "சார், அமுக்காதீங்க"ன்னு கத்துதேன், ஒண்ணும் வெளிய வரல. பாதி வழியில சார் கீழ கெடந்த கொடியை வெடுக்குனு எடுத்து வாய்க்கு நேரா பிடிச்சாரு. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்.

"டுமீல்... ம்க்கும்! ம்க்கும்! ம்க்கும்!"

தொறந்து பாத்தா பிள்ளைங்க ஓடுதாங்க. சார் நிக்காரு. எண்ணினேன் அண்ணாச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து! பத்தும் இருக்கு! சிவப்புத் தோட்டா, நூறு வருசத்துப் பிரேம், தாங்கிட்டு! கடைக்காரருக்கு ஒண்ணும் தெரியல. சார் மூஞ்சிதான் செவந்து போயி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "ஆசீரு, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாலே"ன்னாரு. அதிர்ச்சியில தொண்டை கட்டிக்கிட்டு. அவ்வளவு பலமான வெடி.

மறு ஞாயிறு கோயில்ல சாட்சி சொல்லுற நேரத்துல எந்திரிச்சு நின்னு கம்மிப்போன குரல்ல, "அஞ்சு வருசமாச் செத்துக் கெடந்தது எட்டுத் தடவை தானாப் பேசிச்சு. கடைசியில என் அவிசுவாசத்தால நின்னு போச்சு" அப்படின்னு அழுதாரு. முழங்காலு வலியைச் சொல்லுதாருன்னு நெனைக்கேன். பெறவு ஆர்கன்ல போயி உக்காந்தாரு. பத்து விரலும் ஓடிச்சு. நானும் அழுதேன்.

மண்டலத்துக்குச் சாரைத்தான் ஸ்டார்ட்டரா எழுதிட்டாங்க. இங்கதான் எனக்குப் பயம். ஒரு தடவை தாங்குன இரும்பு எல்லாத் தடவையும் தாங்கும்னு என்ன நிச்சயம்? விரிசல் உள்ளுக்குள்ள ஓடியிருக்கும். அதனாலதான் நானும் தண்ணி பாட்டில் தூக்குற சாக்குல வாரேன். நாளைக்குப் பதினெட்டு ரேஸ். இந்தாப் பாருங்க, மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம். நாலு நாளா தயிர் தொடல. உங்க குரலைக்கூட இன்னும் எடுத்துப் பாக்கல, தொண்டையை மிச்சம் பிடிக்கேன். கண்டக்டரு குரல் மட்டும் வாய் தவறி வந்துட்டு.

பொறுங்க, சார் கூப்பிடுதாரு.

...ஒண்ணுமில்ல. பனங்கற்கண்டுல பாதி கேட்டாரு. மிளகும் எடுத்துக்கிட்டாரு. "நாளைக்குப் பதினெட்டு இருக்குலே, துப்பாக்கியை நம்ப முடியாது"ன்னு சொல்லிக்கிட்டே வாயில போட்டுக்கிட்டாரு. இப்ப ஜன்னலைச் சாத்துதாரு பாருங்க, காத்துப் படக் கூடாதாம். கழுத்தைச் சுத்தி மப்ளர் வேற.

எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி புரியல. பதினெட்டு தடவையும் சத்தம் போடப் போறது நான். எனக்குச் சத்தம் போச்சுன்னா துப்பாக்கி. நடுவுல அந்த மனுசனுக்கு எதுக்குத் தொண்டை?

ஏன் சிரிக்கீங்க? இதுல சிரிக்க என்ன இருக்கு? மீரான் பாயும் இப்படித்தான் கண்ணாடியைக் கழத்துனாரு.